பளிச்சண்ணன் வீட்டில் கொஞ்சம் அழுக்கு

சலவைக் கடைக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, உதட்டைப் பிதுக்குவார்கள். பளிச்சண்ணன் என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேர் ஒரே நேரத்தில் கை காட்டுவார்கள். சிலர் காட்டிய கையோடு தங்கள் நெற்றியையும் ஒருமுறை தடவிக்கொள்வார்கள். காரணம் இருக்கிறது. அவர் கடையின் கண்ணாடிக் கதவு அத்தனை சுத்தம். கதவு இருப்பதே தெரியாமல் நேரே போய் முட்டிக்கொண்டவர்கள் அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். கதவில் ஒரு சிவப்பு ஸ்டிக்கராவது ஒட்டித் தொலைக்கும்படி எல்லோரும் கெஞ்சினார்கள். ஒட்டினார். ஒட்டிய நாளிலிருந்து ஸ்டிக்கரின் ஓரத்தில் தூசி சேர்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனை என்னதான் செய்வது!

கீழே கடை, மேலே வீடு. கடையில் இரண்டு பெரிய சலவை இயந்திரங்கள், ஒரு நீராவி இஸ்திரி மேசை, பிளாஸ்டிக் உறை போட்டு வரிசையாகத் தொங்கும் கோட்டுகள். சும்மா சொல்லக் கூடாது, தொழிலில் பளிச்சண்ணன் படு கெட்டிக்காரர். கறையைப் பார்த்ததுமே அது காப்பியா, பேனா மையா, மோட்டார் எண்ணெயா என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் பையில் காலர் தேய்க்கிற சின்ன பிரஷ் இருக்கும். உலகத்தில் அவருக்கு ஒரே ஒரு ஜென்ம விரோதி உண்டு: வெள்ளைச் சட்டைக் காலரில் வருகிற மஞ்சள். அதைப் பார்த்துவிட்டால் போதும், சாப்பாடு ஆறிப் போனாலும் கவலைப்பட மாட்டார்.

அந்த பிரஷ் கடையோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அதுவும் அவரோடு மாடிப்படி ஏறி வீட்டுக்குள் வந்தது. வந்து, இருபது வருஷமாக அங்கேயே குடித்தனம் நடத்தியது.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊருக்கே டீச்சர். நடுங்கிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே லாரி வந்தாலும் குரலை உயர்த்தாமல், "ஒண்ணும் ஆகல, மெதுவா இடது பக்கம் வாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பொறுமையில் ஊறிப்போனவர். கல்யாணமான புதிதில் ஒரு பூனைக்குட்டி கேட்டார். "முடி கொட்டும்மா" என்றார் கணவர். கொஞ்ச நாள் கழித்து ஒரு ஜோடிக் குருவி கேட்டார். "தீனியை வீடு பூரா இறைச்சிடும்மா." சரி, ஒரு பூந்தொட்டி? "மண்ணும்மா, மண்ணு!" ஒவ்வொரு தடவையும் கோபமே இல்லாமல், கையைப் பிடித்துக்கொண்டு, அன்பாகத்தான் மறுத்தார். அன்பாக மறுத்தாலும் மறுப்பு மறுப்புதானே? கடைசியில் டீச்சர் ஒரு சின்னக் கள்ளிச்செடியை வாங்கி, தான் பாடம் நடத்துகிற காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். வீட்டில் இடமில்லாத செடி காரில் வளர்ந்தது. புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களிடம், "பிரேக்கை மெதுவாப் போடுங்க, பின்னாடி ஒருத்தர் உக்காந்திருக்கார்" என்பார். அவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினால், முள்ளும் முறைப்புமாக அது உட்கார்ந்திருக்கும்.

டீச்சருக்கு ஒரு தம்பி. லிஃப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக். வாடகை வீட்டில் பல வருஷமாக ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், தண்ணீரில் விரல்களை விரித்து ஆட்டுகிற மாதிரி ஒரு மெத்தென்ற பவளம், இவ்வளவுதான் அவன் குடும்பம். விடுமுறை நாள் வந்தால் டீச்சர் தம்பி வீட்டில்தான். கண்ணாடியில் விரலை வைத்தால் பெரிய மீன் நேரே வந்து அந்த விரலுக்கு எதிரே நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். "என்கிட்ட என்னமோ சொல்றாடா" என்று டீச்சர் சொல்வார். "பசிக்குதுன்னு சொல்றா, வேற என்ன" என்பான் தம்பி.

அந்தத் தம்பிக்குத் தூர தேசத்தில் நல்ல வேலை கிடைத்தது. மாசக் கடைசியில் கிளம்ப வேண்டும். அவனுடைய பழைய தொட்டி மூலைக்கு மூலை ஒட்டுப்போட்டது. தூக்கினால் பிளந்துவிடும். மீன்களை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். அன்று சாயங்காலம் டீச்சர் கணவர் எதிரில் வந்து நின்றார்.

"என்னங்க, அந்த ரெண்டு மீனு மட்டும். இதுக்கப்புறம் நான் எதுவுமே கேக்க மாட்டேன்."

பளிச்சண்ணன் யோசித்தார். முடி இல்லை. இறக்கை இல்லை. மண் இல்லை. "மீனுன்னா சரி. அது எந்நேரமும் குளிச்சிட்டுத்தானே இருக்கு" என்றார்.

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பளிச்சண்ணன் ஆடிப்போய்விட்டார். இத்தனை வருஷத்தில் தான் கொடுத்த எதற்கும் இந்த முகத்தைப் பார்த்ததில்லையே என்று அவருக்கு உள்ளே சுருக்கென்றது. "மச்சான் கிளம்புறதுக்குள்ள தொட்டி தயார். என் பொறுப்பு" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அந்த வாக்குதான் அவரைப் பாடாய்ப் படுத்தப் போகிறது.

தொட்டி வாங்கியது வண்ணமீன் கடையில். அந்தக் கடையை நடத்துகிற பெண்ணைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவுக்கு வாயும் அதிகம், மனசும் அதிகம்.

"அண்ணே, உப்புத் தண்ணித் தொட்டி வாங்கின அன்னைக்கே மீன் விடக் கூடாது, தெரிஞ்சுக்கோங்க. மீன் கழிவு அமோனியாவா மாறும். அது மீனுக்கே விஷம். அந்த விஷத்தைத் தின்னு தீர்க்கிற நல்ல கிருமிங்க கல்லுலயும் மணல்லயும் தண்ணி வடிகட்டுற ஸ்பாஞ்சுலயும் முதல்ல குடியேறணும். அதுங்களுக்கு இப்போதைக்குச் சாப்பாடு ஒரு இறால் துண்டு. வலைப்பையில கட்டி உள்ள தொங்க விடுங்க, அழுகட்டும்."

"அழுகட்டுமா?" பளிச்சண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லா அழுகட்டும். அப்பப்ப தண்ணியைக் கொண்டாங்க, பாத்துச் சொல்றேன்." அக்கா ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்துக் காட்டினாள். "இதுல தொட்டித் தண்ணியை ஊத்தி மருந்து சொட்டு விடுவேன். பச்சையா மாறினா விஷம் இருக்கு. மஞ்சளா இருந்தா நல்லது."

"மஞ்சளா?"

"மஞ்சளேதான்."

வாழ்நாள் பூராவும் எதை எதிர்த்துப் போராடினாரோ, அதற்காகவே இனி ஏங்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

தண்ணீர் விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. நீராவி இஸ்திரிக்காக ஏற்கெனவே சுத்திகரிப்பு இயந்திரம் வைத்திருந்தார். அதிலிருந்து பிடித்த தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, அளவு பார்க்கிற கருவியைக் கண்ணில் வைத்து, கொஞ்சமும் பிசகாமல் கலந்தார். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெறும் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று அக்கா சொன்னபோது, "தெரியும்மா. வேர்த்த சட்டை காய்ஞ்சா தண்ணிதான் போகும், உப்புக்கோடு அப்படியே நிக்கும்" என்றார். அக்காவே வியந்துபோனாள்.

தம்பி தன் தொட்டியிலிருந்து ஒரு கல்லை வாளியில் வைத்துக் கொண்டுவந்தான். கால்வாசி ஊதா, பாக்கி எல்லாம் பழுப்பு, மேலே வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. "இதுல எல்லாமே இருக்கு மாமா. உள்ள வச்சாப் போதும், மத்த கல்லுக்கெல்லாம் இதுலேருந்து பரவிடும்" என்று சொல்லிவிட்டு, எங்கேயோ ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று அவசரமாக ஓடினான்.

பளிச்சண்ணன் கல்லைப் பார்த்தார். கல் அவரைப் பார்த்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. குழாயடியில் வைத்து, காலர் பிரஷால், சந்து பொந்து விடாமல் தேய்த்துத் தள்ளினார். பழுப்புத் தண்ணீர் ஓடி, வெள்ளைத் தண்ணீர் ஓடி, கடைசியில் கல் புதுப் பல் மாதிரி மின்னியது. நல்ல கிருமி போய்விடுமே என்று அவருக்குத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. ஆனால் அவருக்குத் தெரிந்த நியாயம் சலவைக் கடை நியாயம்: நல்ல சாயம் அலசினால் போகாது, போகிற சாயம் நல்ல சாயமே இல்லை. கிருமியும் நல்ல கிருமியாக இருந்தால் கெட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று நம்பினார்.

அன்றிலிருந்து தினமும் கடை மூடியதும் மேலே வந்து, ஸ்பாஞ்சைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து பிழிந்து அலசினார். கல்லை எடுத்து ஒரு தேய்ப்பு. மணலை அள்ளி ஒரு களைவு. அழுகவேண்டிய இறாலை, கேளுங்கள் இந்தக் கொடுமையை, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே எடுத்து, சுத்தமாகக் கழுவி, திரும்ப வலைப்பையில் போட்டுக் கட்டினார். டீச்சருக்குச் சாயங்கால வகுப்பு. அவர் வீட்டுக்கு வரும்போது தொட்டி பளபளத்துக்கொண்டிருக்கும், கணவர் கைகளைத் துடைத்துக்கொண்டு இருப்பார். ஏதோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்.

அக்கா கடையில் குழாய் பச்சையானது. அடுத்த தடவையும் பச்சை. அதற்கடுத்த தடவை, கரும்பச்சை.

"ஒண்ணும் புரியலையே! அண்ணே, நீங்க ஏதாவது செஞ்சீங்களா?"

"நானா? ஒண்ணுமே செய்யலம்மா."

பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். கழுவுவது அவர் கணக்கில் ஒரு செயலே அல்ல, மூச்சு விடுகிற மாதிரி. நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று உங்களைக் கேட்டால் மூச்சு விட்டேன் என்றா சொல்வீர்கள்?

தம்பி தினமும் போன் செய்து கேட்டான். அவன் வீட்டில் பெட்டி கட்டும் வேலை ஆரம்பித்துவிட்டது. டீச்சர் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் பளிச்சண்ணன் அக்கா கடையிலிருந்து திரும்பும்போதெல்லாம் ஜன்னலில் நின்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே உள்ளே போய்விடுவார். அதைத்தான் பளிச்சண்ணனால் தாங்க முடியவில்லை.

கடைசியில் அக்கா தானே நேரில் பார்ப்பதாகச் சொல்லி வந்து சேர்ந்தாள். டீச்சரும் அன்று வகுப்பை ஒத்திப்போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். அக்கா தொட்டிக்கு முன்னால் குனிந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே, இவ்ளோ சுத்தமான தொட்டியை நான் என் வாழ்க்கையில பாத்ததில்லை."

"ரொம்ப நன்றிம்மா" என்று பளிச்சண்ணன் நாணிக் கோணி நின்றார்.

"ஐயோ, பாராட்டலண்ணே! உங்க மச்சான் குடுத்த கல்லு எங்க?"

"இதோ இதுதான்." பெருமையாக அந்த வெள்ளைக் கல்லைக் காட்டினார். எப்படி வெள்ளையாக்கினார் என்பதையும் செய்து காட்டினார். பிரஷை எடுத்தார், சமையலறைக் குழாயைத் திறந்தார், எந்த வாக்கில் தேய்க்க வேண்டும், ஸ்பாஞ்சை எப்படிப் பிழிந்தால் அழுக்கு முழுசாக வரும், எல்லாவற்றையும் விளக்கினார். இறாலைக் கழுவுகிற இடம் வந்தபோது அக்கா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, அந்தக் குழாய்த் தண்ணியில கிருமியைக் கொல்ல மருந்து போட்டுத்தான் அனுப்புறாங்க. அதுல தினம் தினம் அலசிட்டு, கிருமி ஏன் வளரலைன்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல? உங்க மச்சான் இத்தனை வருஷமா வளத்த கூட்டம் பூரா அந்தக் கல்லுல இருந்துச்சு. மொத்தமா சாக்கடையில விட்டுட்டீங்களே!"

பளிச்சண்ணன் திருதிருவென்று முழித்தார். டீச்சரைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"விடுங்க, உங்க மேல தப்பில்லை. உங்க சுபாவம் அது" என்றார் டீச்சர், லாரி எதிரே வரும்போது பேசுகிற அதே குரலில். "தம்பிகிட்ட சொல்லிடறேன், மீனைக் கடைக்கே குடுத்துடட்டும். அங்க நல்லா இருக்கும்."

சொல்லிவிட்டு டீ போட உள்ளே போய்விட்டார். பூனை, குருவி, பூந்தொட்டி எல்லாம் வரிசையாக வந்து பளிச்சண்ணன் எதிரே நின்றன. ஒவ்வொரு தடவையும் இவள் இப்படித்தான் சத்தமில்லாமல் உள்ளே போயிருக்கிறாள், நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பின்னாலேயே ஓடிப்போய் அந்த பிரஷை மனைவி கையில் திணித்தார்.

"இதை எங்கயாவது ஒளிச்சு வை. நான் கேட்டாலும் குடுக்காதே. கால்ல விழுந்தாலும் குடுக்காதே."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கீழே போய், காரின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் பிரஷை வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். "இப்ப கவனமா கேளுங்க" என்றார். "உங்க கை ஸ்டியரிங்லயும் வேணாம், கியர்லயும் வேணாம். மடியில வச்சிட்டு சும்மா உக்காருங்க. வண்டி தானாப் போகும்."

சேதி தெரிந்து தம்பி தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் நல்ல பையன், அன்றைக்கே இன்னொரு கல்லும், தன் தொட்டியில் பல மாசமாகக் கிடந்த ஒரு ஸ்பாஞ்சும் கொண்டுவந்தான். அந்த ஸ்பாஞ்சைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. "தொட்டீங்கன்னா அவ்ளோதான் மாமா" என்று விரலை ஆட்டி எச்சரித்துவிட்டு, அதைத் தொட்டிக்குள் வைத்து ஒரு பிழி பிழிந்தான். தண்ணீர் பூராவும் சேறு. பளிச்சண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "முடிஞ்சுதா? திறக்கலாமா?" என்று ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தொட்டிக்குள் கை வைக்கக் கூடாது, ஆனால் கை சும்மா இருக்குமா? நமநமவென்று அரித்தது. மனுஷன் குட்டி போட்ட பூனை மாதிரி மாடிக்கும் கடைக்கும் அலைந்தார். கடையின் மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்துக் கடைக்காரர் வெளியே போயிருந்த நேரத்தில் அவர் பெயர்ப்பலகையைக் கழுவிவைத்தார். அந்தக் கடைக்காரர் வந்து, தன் கடை எது என்று தெரியாமல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாராம். எதிர்வீட்டு சைக்கிள், முனையிலுள்ள தபால் பெட்டி, யாருடையது என்றே தெரியாத ஒரு கேட் எல்லாம் மின்னின. கடையில் இஸ்திரி போடுகிறவர், "அண்ணே, இன்னும் கொஞ்ச நாள் மீன் வரலைன்னா நம்ம தெருவைக் கறுப்புக் கண்ணாடி போட்டுத்தான் பாக்கணும்" என்றார்.

தொட்டியிலோ நாளுக்கு நாள் பழுப்புப் படலம் ஏறியது. மணல் மேல், கல் மேல், கண்ணாடி மேல், எங்கும். அக்காவிடம் ஓடினால், "வரட்டும்ணே, புதுத் தொட்டியில வர்றதுதான், தானாப் போயிடும். கையை வச்சிடாதீங்க" என்றாள். வெள்ளைச் சட்டையில் யாரோ காப்பியைக் கொட்டிவிட்டு, துடைக்காதே, பார்த்துக்கொண்டே இரு என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவருக்கு.

ஒரு மத்தியானம் வீட்டில் தனியாக இருந்தார். தாங்க முடியவில்லை. ஒரே ஒரு விரல், கல்லின் ஒரே ஒரு ஓரம், யாருக்குத் தெரியப் போகிறது? சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு தொட்டியருகே குனிந்தார். எங்கே தேய்க்கலாம் என்று கல்லை உற்றுப் பார்த்தார். அங்கே, அந்தப் பழுப்புக்கு நடுவில், குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு விசிறி விரிந்திருந்தது. கல்லில் ஒட்டிய ஒரு மெல்லிய குழாயிலிருந்து தலையை நீட்டி, வெள்ளை இழைகளை விரித்துக்கொண்டு ஏதோ ஒரு புழு ஹாயாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. அவர் கை நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. பளிச்சண்ணனும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். இரண்டு பேரும் பயந்துபோயிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் விசிறி திரும்ப விரிந்தது. அப்போதுதான் பார்த்தார், கண்ணாடி மேல் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. அழுக்கு என்று நினைத்தாரே, அதற்குள் ஒரு சந்தையே நடந்துகொண்டிருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார், அப்புறம் தரையில் படுத்துப் பார்த்தார். கீழே கடையில் தன்னைத் தேடுகிறார்கள் என்பதே மறந்துபோயிற்று. டீச்சருக்குப் போன் போட்டார்.

"ஏய், விசிறி விரிஞ்சிருக்கு! உயிரோட இருக்கு! ஓடுது!"

"விசிறி ஓடுதா? என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"விசிறி ஓடல, அது உக்காந்திருக்கு. ஓடுறது வேற ஆளுங்க! எத்தனை பேரு தெரியுமா நம்ம வீட்ல!"

காருக்குள் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவர் அந்தச் சத்தத்தில் பிரேக்கை அழுத்திவிட, பின்னாலிருந்த கள்ளிச்செடி ஒரு குலுக்கல் குலுங்கியது. டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, கணவர் சொல்வதை முழுசாகக் கேட்டார்.

தம்பி கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா தன் பெட்டியோடு வந்தாள். எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். குழாயில் தண்ணீர் ஊற்றி, சொட்டு விட்டு, மூடிக் குலுக்கி வைத்தாள். நிறம் மெல்ல ஏறியது. டீச்சர் குழாயை வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் பிடித்தார்.

"மஞ்சள்" என்றார்.

பளிச்சண்ணன் நம்பவில்லை. குழாயை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். வாழ்நாள் பூராவும் காலர்களைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த அதே கண்ணால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பச்சை ஒரு பொட்டு கூட இல்ல. அசல் மஞ்சள். நான் சொல்றேன், என்னைவிட மஞ்சளைப் பாத்தவன் எவன் இருக்கான்!" என்று கத்தினார். அக்கா இன்னொரு குழாயில், அமோனியாவிலிருந்து உண்டாகிற நைட்ரைட் என்ற இன்னொரு விஷத்தையும் பரிசோதித்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்தினாள். பளிச்சண்ணன் டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அறைக்கு நடுவில் ஒரு சுற்று சுற்றினார். தெருவில் யாராவது பார்த்திருந்தால் மானம் போயிருக்கும். போனால் போகட்டும்.

அன்று சாயங்காலமே தம்பி மீன்களையும் பவளத்தையும் கொண்டுவந்தான். மெல்லிய குழாய் வழியாகப் புதுத் தொட்டித் தண்ணீரை வாளிக்குள் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கி, பிறகு மீன்களை மெல்ல உள்ளே இறக்கினான். இரண்டும் ஓடிப்போய்க் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. டீச்சர் கண்ணாடியில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவே இல்லை. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போது பெரியது கல்லைச் சுற்றி மெதுவாக வந்து, விரலுக்கு எதிரே நின்று, வாயைத் திறந்து திறந்து மூடியது.

"வந்துட்டியாடி" என்றார் டீச்சர். "எங்க வீட்டுக்கு வந்துட்டியா!"

அந்த ராணியம்மா அதற்குப் பதில் சொல்கிற மாதிரி, வெள்ளை மணல் மேல், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நூல் மாதிரி ஒன்றை விட்டுவிட்டு நகர்ந்துபோனது. அக்கா, டீச்சர், தம்பி மூன்று பேரும் ஒரே நேரத்தில் பளிச்சண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பளிச்சண்ணனின் கை சட்டைப் பைக்குப் போய், அங்கே பிரஷ் இல்லாமல் வெறுங்கையாகத் திரும்பியது. "கிடக்கட்டும் விடுங்க. உயிருன்னா வெளிக்குப் போகத்தான் செய்யும். நம்ம ஆளுங்க உள்ள இருக்காங்க, பாத்துக்குவாங்க" என்றார்.

"அண்ணே, வாரம் ஒருக்கா கொஞ்சம் தண்ணியை மாத்தலாம். வெளிய எடுக்குற அந்தத் தண்ணியிலேயே ஸ்பாஞ்சை லேசா அலசிக்கலாம்" என்று அக்கா இரக்கப்பட்டுச் சொன்னாள். அவர் சரி சரி என்று தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தவர், திடீரென்று ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிக் கீழே போய்விட்டார்.

"அக்கா, ஆணியில கார் சாவியைக் காணோமே" என்றான் தம்பி டீச்சரிடம்.

டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. பிரஷ் காருக்குள்தானே இருக்கிறது. "போகட்டும்டா. இவ்ளோ நாள் பொறுத்ததே பெரிசு. இனிமே நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, தொட்டியை மறைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றார். படியில் காலடிச் சத்தம் கேட்டது.

பளிச்சண்ணன் வந்தார். ஒரு கையில் கள்ளிச்செடித் தொட்டி. இன்னொரு கையின் விரல் வாய்க்குள். நேரே வந்து மீன்தொட்டிக்குப் பக்கத்திலிருந்த மேசையில், இருபது வருஷமாக ஒரு டம்ளர்கூட ஈரத்தோடு வைக்கப்படாத மேசையில், கள்ளிச்செடியை வைத்தார். வைத்த வேகத்தில் மண் கொஞ்சம் மேசையிலும் மீதி தரையிலும் சிதறியது.

"இது இங்கயே இருக்கட்டும். கார்ல தனியா எத்தனை நாள்தான் உக்காந்திருக்கும்?"

டீச்சர் செடியைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "வாயில ஏன் விரல்?" என்று மட்டும் கேட்டார்.

பளிச்சண்ணன் அசடு வழிந்தார். "டாஷ்போர்டுல அந்த பிரஷ் இருந்துச்சா... படியேறும்போது, சும்மா, லேசா, இது மேல தூசி தட்டலாம்னு..."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில், அந்த மண் மேலேயே, உட்கார்ந்துவிட்டார். கணவர் கையைப் பிடித்து இழுத்து அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, சிரித்துக்கொண்டே விரலிலிருந்து முள்ளை எடுத்தார். பளிச்சண்ணனின் வெள்ளை வெளேரென்ற பேன்ட்டில் மண் ஒட்டியிருந்தது. அவர் அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு, மனைவி முள்ளை எடுத்து முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.